குழந்தைகளுக்கு வீட்டிலேயே பழத் தயிர்: முதலில் புளிப்பைக் கவனியுங்கள்

பழத் தயிரை முதன்முறையாகச் செய்பவர்கள் பெரும்பாலும் ஃப்ரிட்ஜில் இருக்கும் தயிரை எடுத்து, ஏதாவது ஒரு பழத்தோடு மிக்ஸியில் போட்டு அடிப்பார்கள். ருசி பார்த்தால் புளிக்கும். ஒரு ஸ்பூன் சர்க்கரை போடுவார்கள். இன்னும் புளிக்கும், இன்னொரு ஸ்பூன் போடுவார்கள். கடைசியில் கிண்ணத்தில் இருப்பது மோர் மாதிரி நீர்த்துப்போன, தித்திப்பான ஒன்று. குழந்தை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடும்.

எங்கள் வீட்டிலும் பல வாரம் இதே கதைதான். பழத்தை மாற்றிப் பார்த்தேன், அளவை மாற்றிப் பார்த்தேன். தயிரை மாற்றிய பிறகுதான் கிண்ணம் காலியாகத் தொடங்கியது. புளிக்காத, கெட்டியான தயிர் கையில் இருந்தால் பழத்தின் இனிப்பே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். அதனால் இந்தக் கட்டுரையில் பழத்தைவிடத் தயிரைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

அடுப்படிக்குப் போகும் முன்

6 மாதம் முடிந்து திட உணவு தொடங்கிய குழந்தைக்கு வெறும் தயிரைச் சிறிதளவு கொடுக்கலாம். மசித்த பழம் சேர்க்கலாம், சர்க்கரை வேண்டாம். 2 வயது வரைக்குமே தனியாகச் சர்க்கரை சேர்க்காமல் இருப்பது நல்லது. அந்த வயதில் இனிப்பு இல்லாத தயிரைப் பழகிய நாக்குக்குப் பின்னாலும் அது பிடிக்கும்.

ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். அவை கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். வீட்டு அடுப்பின் சூடு அந்த வித்துகளை அழிக்காது, ஆகவே கொதிக்கவைத்தோ தயிரில் கலந்தோ கொடுத்தாலும் ஆபத்து ஆபத்துதான். 'ஒரு சொட்டுதானே' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தயிரும் ஒவ்வாது. மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் போவது வேறு விஷயம். அப்படிப்பட்டவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தயிரின் பாக்டீரியாக்களே உடைத்துவிடுகின்றன. இருந்தாலும் முதல் தடவை ஒன்றிரண்டு ஸ்பூனோடு நிறுத்திப் பாருங்கள்.

தேவையானவை

கொழுப்பு நீக்காத பால் 1 லிட்டர். புளிக்காத, புதிய வெறும் தயிர் 2 மேசைக்கரண்டி. அடி கனமான பாத்திரம், மூடியுள்ள கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரங்கள், சுத்தமான மெல்லிய துணி, ஒரு வடிகட்டி. சமையலறை வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இல்லாமலும் செய்யலாம், அதற்கும் வழி சொல்கிறேன்.

பாத்திரங்களையும் கரண்டிகளையும் கொதிநீரில் அலசி, துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். சின்னக் குழந்தைக்குச் செய்கிறோம், இதில் சோம்பல் வேண்டாம்.

பாலைக் காய்ச்சும்போது

கறந்த பாலாக இருந்தால் காய்ச்சியே ஆகவேண்டும், அது குழந்தையின் பாதுகாப்புக்கு. பதப்படுத்திய பாக்கெட் பாலையும் காய்ச்சச் சொல்கிறேன், அது தயிரின் கெட்டிக்காக. பால் 85 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாகும்போது அதிலுள்ள மோர்ப் புரதங்கள் குலைந்து கேசீன் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய பிறகு உறையும் தயிர் தண்ணீரை நன்றாகப் பிடித்து வைத்திருக்கும். வெறுமனே வெதுவெதுப்பாக்கி உறை ஊற்றிய பால் கொழகொழவென்று உறைந்து, ஸ்பூன் பட்டதும் தண்ணீர் விடும்.

மிதமான தீயில், அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். ஓரங்களில் சிறு குமிழிகள் வந்து, ஆவி நன்றாகக் கிளம்பும் நிலைதான் கிட்டத்தட்ட 85 டிகிரி. அதே சூட்டில் 10 நிமிடம் வைத்திருங்கள். ஒருவேளை பொங்கிவிட்டாலும் கெட்டுப்போவதில்லை. நீண்ட நாள் கெடாமல் இருக்கும் அட்டைப்பெட்டிப் பால் ஏற்கெனவே மிக அதிகச் சூட்டில் பதப்படுத்தப்பட்டது. அதைத் திரும்பக் காய்ச்ச வேண்டியதில்லை, உறை ஊற்றும் சூட்டுக்குக் கொண்டுவந்தால் போதும்.

இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் பால் குளிராக இருக்கும்போதே 3 மேசைக்கரண்டி பால் பவுடரைக் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அடுப்பில் வையுங்கள்.

உறை ஊற்றும் சூடு

பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. யோகர்ட் உறைய முக்கியமாக வேலை செய்பவை இரண்டு பாக்டீரியாக்கள்: லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். இரண்டுக்கும் 40 முதல் 45 டிகிரி வரையிலான சூடு பிடிக்கும். 55 டிகிரியைத் தாண்டிய பாலில் உறை ஊற்றினால் அவை பிழைப்பது கடினம். ஆறிப்போன பாலில் ஊற்றினால் மந்தமாகிவிடும், உறைய வெகுநேரம் ஆகும்.

வெப்பமானி 43 டிகிரி காட்டும்போது ஊற்றுங்கள். வெப்பமானி இல்லையென்றால் பாலை ஸ்பூனில் எடுத்து மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடு தெரிய வேண்டும், சுடக்கூடாது. சந்தேகமாக இருந்தால் இன்னும் இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். சூடு சற்றுக் குறைந்தால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். கூடினால் ஒரு லிட்டர் பாலும் உறையாமல் நிற்கும்.

அப்புறம் உறை. புளித்துப்போன பழைய தயிரை உறையாக ஊற்றினால் அந்தப் புளிப்பு புதிய தயிருக்கும் வரும். நேற்றோ முந்தாநாளோ செய்த, புளிக்காத தயிர் வேண்டும். கடையில் வாங்கினால் சுவையோ இனிப்போ சேர்க்காத, உயிருள்ள பாக்டீரியா இருப்பதாக மேலே அச்சிட்ட தயிராகப் பாருங்கள். சீக்கிரம் உறையட்டும் என்று உறையை அள்ளி ஊற்றாதீர்கள். வேகமாகப் புளிக்கும், திரிதிரியாகவும் ஆகிவிடும். ஒரு லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி தாராளம். அதை முதலில் அரைக் கப் பாலில் நன்றாகக் கரைத்து, பிறகு மொத்தப் பாலில் கலந்தால் எல்லா இடத்திலும் ஒரே சீராக உறையும்.

எப்போது நிறுத்துவது

பாத்திரத்தை மூடி, கனமான துண்டில் சுற்றி, சூடு காக்கும் ஹாட்பாக்ஸிலோ, விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள்ளோ வையுங்கள். வெந்நீரால் அலசிய வாய் அகன்ற ஃபிளாஸ்க் கூட நன்றாக வேலை செய்யும். உறையும்வரை ஆட்டவோ கிளறவோ கூடாது. மூடியை அடிக்கடி திறந்து பார்த்தால் சூடு போய்விடும்.

5 மணி நேரம் கழித்து முதன்முறை பாருங்கள். பாத்திரத்தை மெதுவாகச் சாய்த்தால் பால் ஓடக்கூடாது, மொத்தமாக ஒரே கட்டியாக அசைய வேண்டும். அப்படி இருந்தால் அந்த நிமிடமே ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். பாக்டீரியா லாக்டோஸை லாக்டிக் அமிலமாக மாற்றுவதால்தான் பால் உறைகிறது. உறைந்த பிறகும் அது வேலையை நிறுத்துவதில்லை. வெளியே இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். இரவில் உறை ஊற்றிவிட்டுக் காலையில் எழுந்து பார்ப்பது வசதிதான், ஆனால் அதற்குள் 9, 10 மணி நேரம் ஆகியிருக்கும். பெரியவர்கள் சோற்றுக்குப் பிசைய அந்தத் தயிர் சரி. குழந்தையின் பழக் கிண்ணத்துக்கு அது புளிப்பு. எனவே காலையில் உறை ஊற்றி மதியம் எடுக்கும்படி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவைத் தேடும் வேலையே குறைந்துவிட்டது.

ஃப்ரிட்ஜில் குறைந்தது 4 மணி நேரம் குளிரட்டும். சூடு ஆறாத தயிரைக் கிளறினால் அதன் கட்டு உடைந்து நீர் பிரிந்துவிடும். குளிர்ந்ததும் அடுத்த முறைக்கு உறையாக 2 மேசைக்கரண்டியைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். பழம் கலந்த பிறகு எடுக்க முடியாது.

வடிப்பதா, வேண்டாமா

மெல்லிய துணியை வடிகட்டியின் மேல் விரித்து, அதில் தயிரைக் கொட்டி, கீழே ஒரு பாத்திரம் வைத்து ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வடியவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் வடியும் நேரத்தில் புளிப்பும் ஏறும். ஒரு மணி நேரத்தில் ஸ்பூனில் நிற்கும் பதம் வந்துவிடும். 4 மணி நேரம் விட்டால் கிரீம் மாதிரி இருக்கும், அளவு ஏறக்குறையப் பாதியாகும்.

குழந்தைகளுக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும் என்பது என் கருத்து. வடியும் தெளிநீரோடு கால்சியத்தில் ஒரு பகுதியும் போய்விடுகிறது, அதை முழுக்க இழக்க வேண்டியதில்லை. ஆனால் கொஞ்சமாவது வடிப்பது நல்லது. பழம் எப்படியும் நீர் விடும், வடித்த தயிர் அதைத் தாங்கும். கொழுப்பும் புரதமும் செறிவதால் நாக்குக்குப் புளிப்பும் குறைவாகத் தெரியும். தெளிநீரைக் கொட்டாதீர்கள், மாவு பிசையும்போது தண்ணீருக்குப் பதில் ஊற்றிக்கொள்ளலாம்.

பழத்துக்கு வருவோம்

பாலில் உறை ஊற்றும்போதே பழத்தைச் சேர்த்துவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். பழத்தின் புளிப்பு பாலைத் திரியவைக்கும், பழத்தில் ஒட்டியிருக்கும் வேறு நுண்ணுயிர்களும் உள்ளே போகும். தயிர் உறைந்து, குளிர்ந்து, வடிந்த பிறகுதான் பழம்.

சில பழங்களைச் சமைக்காமல் தயிரில் கலந்து வைக்கவே கூடாது. அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றிலும் புரதத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. இவற்றைத் தயிரில் கலந்து ஒரு மணி நேரம் வைத்தால் தயிர் நீர்த்து, கசப்பும் வந்துவிடும். பழம் கெட்டுவிட்டது என்று நினைப்போம், உண்மையில் அந்த நொதி பால் புரதத்தைத் துண்டாடுவதால் வரும் கசப்பு அது. அன்னாசியையும் கிவியையும் சிறு துண்டுகளாக்கி 5 நிமிடம் கொதிக்கவிட்டால் நொதி செயலிழந்துவிடும். பப்பாளியின் நொதி சூட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் அடங்காது. அதை மட்டும் சாப்பிடும் நேரத்தில் மேலே தூவிக் கொடுத்துவிடுங்கள்.

நன்றாகக் கனிந்த மாம்பழமும் வாழைப்பழமும் புதியவர்களுக்கு எளிது. சமைக்க வேண்டாம், இனிப்பு சேர்க்க வேண்டாம். கரண்டியால் மசித்து, 100 கிராம் தயிருக்கு 2 மேசைக்கரண்டி கலந்தால் போதும். வாழைப்பழம் சீக்கிரம் கறுக்கும், ஆகவே கொடுப்பதற்கு முன்தான் மசிக்க வேண்டும்.

ஸ்ட்ராபெர்ரி, புளூபெர்ரி, பேரிக்காய், ஆப்பிள் போன்றவற்றைச் சுண்டக் காய்ச்சிச் சேர்ப்பதே நல்லது. 250 கிராம் பழத்தைப் பொடியாக நறுக்குங்கள். ஆப்பிள் என்றால் தோல் சீவித் துருவிக்கொள்ளுங்கள். 2 மேசைக்கரண்டி தண்ணீரோடு சிறு தீயில் வைத்து மூடுங்கள். பழம் குழைந்ததும் மூடியை எடுத்துவிட்டு, பாத்திரத்தின் அடியில் கரண்டியால் கோடு இழுத்தால் அந்தக் கோடு ஓரிரு நொடி நிற்கும்வரை கிளறுங்கள். பழத்தைப் பொறுத்து 8 முதல் 15 நிமிடம் ஆகலாம். இப்படித் தண்ணீரைச் சுண்டவைப்பதால் இனிப்பு தானாகவே கூடும், தயிரும் நீர்த்துப்போகாது. ஆப்பிளில் ஒரு சிட்டிகை பட்டைப் பொடி சேர்த்துப் பாருங்கள், இனிப்பு சேர்த்த மாதிரியே நாக்குக்குத் தெரியும். விதை தட்டுப்படுவது பிடிக்காத குழந்தை என்றால் ஸ்ட்ராபெர்ரிக் கூழை வடிகட்டியில் அழுத்தி எடுத்துவிடுங்கள். முற்றிலும் ஆறி, குளிர்ந்த பிறகுதான் தயிரில் சேர வேண்டும். இந்தக் கூழை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் தேவைப்படும்போது ஒரு கட்டியை எடுத்துக் கரையவிட்டுக் கலந்துகொள்ளலாம்.

திராட்சையை முழுதாகப் போடாதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். முழுப் பருப்பு வகைகளும் 5 வயது வரை கூடாது. நைசாகப் பொடித்துத் தூவலாம், அதுவும் ஒவ்வாமை இல்லை என்று தெரிந்த பிறகு.

பழம் இல்லாத சுவைகள்

வெனிலா எசென்ஸ் என்றால் ஒரு லிட்டர் தயிருக்கு ஒரு தேக்கரண்டி, குளிர்ந்த தயிரில் கலக்கலாம். ஏலக்காயைத் தட்டி, காய்ச்சும் பாலில் போட்டு, உறை ஊற்றும் முன் வடித்துவிட்டால் மணம் தயிர் முழுக்கப் பரவியிருக்கும். இப்படி மணம் ஏற்றிய தயிருக்குக் குறைந்த இனிப்பே போதுமாக இருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

சாக்லேட் சுவை கேட்டால்: ஒரு தேக்கரண்டி சர்க்கரை சேர்க்காத கோகோ பவுடரை 2 தேக்கரண்டி வெதுவெதுப்பான பாலில் கட்டியில்லாமல் குழைத்து, ஆறவைத்து, 100 கிராம் தயிரில் கலக்குங்கள். இனிப்புக்கு ஒரு மேசைக்கரண்டி பேரீச்சை விழுது. கொட்டை நீக்கிய 10 பேரீச்சையை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அரைத்தால் விழுது தயார். பேரீச்சையும் இனிப்புதான், பல்லிலும் ஒட்டும். அளவோடு சேர்த்து, சாப்பிட்டதும் தண்ணீர் குடிக்க வையுங்கள்.

இளஞ்சிவப்பு நிறம் கேட்கும் குழந்தைக்கு வேகவைத்து அரைத்த பீட்ரூட் அரைத் தேக்கரண்டி போதும். ஸ்ட்ராபெர்ரிக் கூழோடு சேர்த்தால் அதன் வாசனை தெரியாது. நிறையச் சாப்பிட்டால் சிறுநீரும் சிவப்பாக வரலாம், பயப்பட வேண்டாம்.

சர்க்கரை சேர்த்தே ஆகவேண்டும் என்றால், 2 வயதைத் தாண்டிய குழந்தைக்கு, உறை ஊற்றும் முன்பே பாலில் கரைத்துவிடுங்கள். ஒரு லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி, அதாவது சுமார் 25 கிராம். 100 கிராம் தயிரில் இரண்டரை கிராம்தான் வரும், ஆனால் சீராகக் கலந்திருப்பதால் இனிப்பு நன்றாகத் தெரியும். கிண்ணத்தில் மேலாகப் போட்டால் அதே இனிப்புக்கு இன்னும் அதிகம் போடத் தோன்றும், தயிரும் நீர் விடும். ஒப்பிட்டுப் பார்க்க: வெறும் தயிரிலேயே 100 கிராமுக்கு 4 முதல் 5 கிராம் வரை பாலின் இயற்கைச் சர்க்கரை இருக்கும். கடையில் வாங்கும் பழத் தயிர்க் கப்பில் 100 கிராமுக்கு மொத்தச் சர்க்கரை 13 கிராம் என்று போட்டிருந்தால் மிச்சம் 8 கிராம், அதாவது 2 தேக்கரண்டி, பழத்திலிருந்தும் சேர்த்த சர்க்கரையிலிருந்தும் வந்தது.

கலப்பதும் கொடுப்பதும்

மிக்ஸி வேண்டாம். தயிரின் கெட்டி என்பது புரத வலை, பிளேடு அதை அறுத்துவிடும். தயிரை மட்டும் கரண்டியால் நாலைந்து சுற்று மென்மையாகக் கிளறி, பழக்கூழைச் சேர்த்து, அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலக்குங்கள். அல்லது கலக்கவே வேண்டாம். சின்னக் கண்ணாடி டம்ளரில் கீழே பழம், மேலே தயிர் வைத்து ஸ்பூனைக் குழந்தையின் கையில் கொடுங்கள். தானே கலந்து வரிவரியாக நிறம் மாறுவதைப் பார்த்துச் சாப்பிடும் குழந்தைகள் உண்டு. என் மகள் அப்படித்தான் முதல் கிண்ணத்தை முடித்தாள்.

தயிரையே தொடாத குழந்தைக்கு முதல் வாரம் பழம் பாதி, தயிர் பாதி வையுங்கள். பிறகு தயிரை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஒரே நாளில் மூன்று சுவை செய்து முன்னால் அடுக்குவது பலன் தராது.

சரியாக வராவிட்டால்

8 மணி நேரமாகியும் உறையவில்லையா? பால் சூடு குறைந்திருந்தால் பாத்திரத்தை 43 டிகிரி வெந்நீரில் வைத்து இரண்டு மணி நேரம் பாருங்கள். அப்படியும் அசையாவிட்டால் உறை செத்திருக்கிறது. அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம், புதிதாகத் தொடங்குங்கள். மேலே கொஞ்சம் தெளிநீர் நிற்பது இயல்பு. நூல்நூலாக இழுபட்டால் உறையை மாற்றுங்கள், அடுத்த முறை சூட்டையும் கவனியுங்கள். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று ஏதாவது புள்ளியோ பூசணமோ தெரிந்தால் மேலே வழித்துவிட்டுக் கொடுக்கும் பழக்கம் கூடாது. மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

சேமிப்பு

வெறும் தயிர் 4 டிகிரி ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். குழந்தைக்கு முதல் 4 நாட்கள்தான் ருசி, அதற்குப் பிறகு புளிப்பு கூடிவிடும். பழம் கலந்ததை 2 நாளுக்குள் முடியுங்கள். எனவே தயிரைத் தனியாகவும் பழக்கூழைத் தனியாகவும் வைத்து அன்றன்றைக்குக் கலப்பது சிறந்தது. குழந்தை எச்சில் ஸ்பூன் வைத்த கிண்ணத்தைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்.

பள்ளிக்குக் கொடுத்தனுப்ப வேண்டுமானால் இரவே சின்ன டப்பாவில் அடைத்து நன்றாகக் குளிரவைத்து, காலையில் ஐஸ் பேக்கோடு அனுப்புங்கள். ஐஸ் பேக் இல்லாமல் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த பழத் தயிரைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். வெயில் காலத்தில் ஒரு மணி நேரமே அதிகம்.

மிஞ்சினால் குச்சி ஐஸ் அச்சில் ஊற்றிவிடுங்கள். உறைந்தால் இனிப்பு குறைவாகத் தெரியும், ஆகவே இதற்கு மட்டும் பழக்கூழைச் சற்றுக் கூடுதலாகக் கலக்கலாம். 5, 6 மணி நேரத்தில் கெட்டியாகிவிடும். அச்சின் வெளிப்புறத்தைப் பத்து நொடி குழாய்த் தண்ணீரில் காட்டினால் குச்சி முறியாமல் வழுக்கி வரும்.